நடுக்குருத்தை வெட்டாதே: மாவோரிப் பெரியவர்கள் கற்பிக்கும் விதம்

ஆக்லாந்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஒருவரின் கேள்வி இது: "கல்வியைப் பற்றி மாவோரிப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் குடும்பம், செடி கொடி, சாவு வீடு, சமையற்கட்டு என்று சுற்றிச் சுற்றிப் போகிறார்கள். கேட்டதற்கு நேரான பதில் வருவதில்லை. உண்மையில் என்ன கற்பிக்கிறார்கள், எப்படிக் கற்பிக்கிறார்கள்? ஒருவரை எங்கள் வகுப்புக்கு அழைக்க என்ன செய்ய வேண்டும்?"

நேரான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் சேர்த்து ஒரே சொல்: ஆக்கோ. யாரோடு, எங்கே, எந்த வேலைக்கு நடுவில் என்பதையெல்லாம் கழித்துவிட்டுக் கல்வியை மட்டும் தனியே எடுத்துப் பேசுவது அவர்களுக்குப் பழக்கமில்லை. அதனால் இந்தப் பதிலும் கொஞ்சம் சுற்றித்தான் வரும்.

பெரியவர் என்பதற்கு அங்கே கௌமாத்துவா என்று பெயர். பாட்டி என்றால் குயியா, தாத்தா என்றால் கொரோ. வயது மட்டும் போதாது. நரைத்த எல்லோரும் கௌமாத்துவா ஆகிவிடுவதில்லை. குடும்பமும் ஊரும் ஒருவரை அப்படி நடத்தத் தொடங்கினால்தான் உண்டு. நியமனக் கடிதமும் கிடையாது, ஓய்வும் கிடையாது. முன்வரிசையில் இருந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் ஐம்பது வயதுக்காரர் தலையில் அந்தப் பொறுப்பு விழுவதும் உண்டு. அப்படி விழுந்தவர்கள் பெரும்பாலும் பெருமைப்படுவதில்லை, பயப்படுகிறார்கள்.

செடியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அவர்களும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஹரகெகே என்ற செடிக்கு வெள்ளைக்காரர்கள் நியூசிலாந்து ஆளி என்று பெயர் வைத்தார்கள். ஆளிச் செடிக்கும் அதற்கும் உறவில்லை. நார் எடுக்கலாம் என்ற ஒற்றுமைதான். பார்த்தால் நம் தாழம்புதர் ஞாபகம் வரும். நீண்ட மடல்கள் விசிறி விசிறியாக அடியிலிருந்து கிளம்பும், பெரிய புதரில் ஆளை மறைக்கும் உயரம். கூடை, பாய், கயிறு, மேலங்கி எல்லாம் இதிலிருந்துதான்.

ஒரு விசிறியை எடுத்துக்கொண்டால் நடுவில் நிற்கும் இளங்குருத்து ரித்தோ. அது பிள்ளை. அதை இரு பக்கமும் அணைத்தபடி நிற்கும் மடல்கள் அஃபி ரித்தோ, அதாவது தாய் தகப்பன். அவற்றுக்கு வெளியே இருப்பவை தாத்தா பாட்டி, அதற்கும் வெளியே முன்னோர். அறுப்பது வெளி மடல்களை மட்டும். குருத்தையும் அதன் இரு பக்கத்து மடல்களையும் தொடவே கூடாது. குருத்து போனால் அந்த விசிறியே போய்விடும். "ஹரகெகேயின் குருத்தைப் பிடுங்கிவிட்டால் கொமாக்கோ குருவி எங்கே நின்று பாடும்?" என்று தொடங்கும் பழமொழி இதைத்தான் பிடித்துக்கொண்டு, உலகத்தில் எது பெரிது, மனிதரே மனிதரே மனிதரே என்று முடிகிறது.

அறுக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் கரகியா, அதாவது மந்திரம் போன்ற வேண்டுதல். பிறகு வெளி மடலைப் பிடித்து, கத்தியை உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, கீழ்நோக்கிச் சரிவாக இழுக்க வேண்டும். சரிவு வெளியே பார்த்து இருந்தால் மழைநீர் வழிந்து ஓடும். உள்ளே பார்த்து இருந்தால் தண்ணீர் நடுவில் இறங்கித் தேங்கி, அடி அழுகும். புதிதாக அறுப்பவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். இரண்டாவது, வெட்ட வசதியாக மடலின் பாதியில் வெட்டிவிடுவது. மிச்சக் கட்டை காய்ந்து பூச்சிக்கு வீடாகும். இருட்டில் அறுப்பதில்லை, மழையில் அறுப்பதில்லை. நனைந்த மடலைக் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூந்தண்டு எழும் காலத்திலும் பலர் செடியைத் தொடமாட்டார்கள். அறுத்துப் போட்ட மடலைத் தாண்டக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். பின்னும் இடத்தில் சாப்பாடு வைக்கக் கூடாது. கழிவைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கட்டி, செடியின் அடிக்கே கொண்டுபோய் வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடிக்கட்டையை நறுக்கிவிட்டு, விளிம்பையும் நடுநரம்பையும் கிழித்து நீக்கி, கட்டைவிரல் நகத்தால் ஒரே அகல நாடாக்களாகப் பிளக்க வேண்டும். அடுத்தது ஹாபினே: மங்கலான பக்கத்தில் கத்தியின் முதுகையோ மட்டிச் சிப்பியின் ஓட்டையோ அழுத்தி இழுத்து ஈரத்தை வெளியேற்றுவது. பார்க்கச் சும்மா வழிப்பது மாதிரி இருப்பதால் பிள்ளைகள் இதைத்தான் ஏமாற்றப் பார்ப்பார்கள். பச்சை மடல் காயும்போது அகலத்தில் சுருங்கும். ஹாபினே செய்யாமல் பின்னினால் அன்றைக்குக் கூடை இறுக்கமாக, அழகாகத்தான் தெரியும். சில நாளில் கண்ணுக்குக் கண் இடைவெளி விட்டு, ஆடிப்போய் நிற்கும். அந்தக் கூடையே பாடம் சொல்லிவிடும் என்பதால் பாட்டி அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் உண்டு.

பழகுபவருக்குப் பெரும்பாலும் கோனோ என்ற சிறு உணவுக்கூடைதான் தொடக்கம். முதன்முதலாக முடித்ததைத் தான் வைத்துக்கொள்ளக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். முதல் படைப்பு கோணலாகத்தான் இருக்கும், ஆனாலும் அதன்மேல்தான் ஆசை அதிகம். கையைவிட்டுப் போனால்தான் இரண்டாவதை உட்கார்ந்து பின்னத் தோன்றும்.

செடியைப் பற்றி இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. பெரியவர்களை மதிப்பது என்றாலே மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவதுதான் நமக்குத் தெரியும். ஹரகெகே வேறு கணக்குச் சொல்கிறது. வெளி மடல் இருப்பதே அறுபடுவதற்குத்தான். அறுக்காமல் விட்டாலும் அது காய்ந்து செடியின் மேலேயே சாய்ந்து கிடக்கும். பெரியவரிடம் வேலை கேட்டு வாங்க வேண்டும். அவரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

மொழி மீட்பில் நடந்ததும் இதே கணக்குத்தான். 1867ஆம் ஆண்டின் சுதேசிப் பள்ளிகள் சட்டம் மாவோரி ஊர்களில் ஆங்கிலவழிப் பள்ளிகளைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் அந்தப் பள்ளிகளில் மாவோரி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அடி வாங்கிய தலைமுறை, தம் பிள்ளைகளுக்கு அந்த வலி வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறியது. 1913இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாய்மொழி பேசினார்கள் என்பது கணக்கு. 1953இல் அது 26 ஆனது, 1975இல் ஐந்தோ அதற்கும் கீழோ. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊரைவிட்டு நகரத்துக்குப் போனது மிச்சத்தையும் அரித்தது. 1972இல் மொழியைப் பள்ளியில் கற்பிக்கக் கோரி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்துக்கு மனு போனது.

அப்போது நிலைமை இதுதான்: தாத்தா பாட்டிக்கு மொழி தெரியும், அப்பா அம்மாவுக்குத் தெரியாது, பிள்ளை இன்னும் பேசவே தொடங்கவில்லை. நடுவில் ஒரு படி உடைந்த ஏணி. பெரியவர்கள் எடுத்த முடிவு, நடுப்படியைச் சரிசெய்யக் காத்திராமல் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு நேராக இறக்குவது. 1982இல் வெலிங்டனுக்கு அருகே வைனுயோமாத்தாவில் முதல் கோஹங்கா ரெயோ திறந்தது. பெயருக்கு மொழிக்கூடு என்று பொருள். பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை, நாள் முழுக்க மாவோரி மட்டும்.

எப்படி நடக்கிறது என்றால், அரிச்சுவடி கிடையாது. கை கழுவுதல், பழம் நறுக்குதல், தூங்கவைத்தல், சண்டையை விலக்குதல், பாட்டு, வேண்டுதல் என்று ஒவ்வொரு வேலைக்கும் உரிய பேச்சு அந்த வேலையோடு வரும். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாலும் பாட்டி மாவோரியில்தான் பதில் சொல்வார், கையால் காட்டுவார். நடத்துவது குடும்பங்கள்: கணக்கு, சமையல், சுத்தம், கூட்டம் எல்லாம் பெற்றோர் பொறுப்பு. உள்ளே வந்தால் பெற்றோரும் அதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதால், தெரியாதவர்கள் பிள்ளையோடு சேர்ந்து கற்றார்கள். 1990களின் முதல் பாதியில் இது உச்சத்தைத் தொட்டது: எண்ணூறு கூடுகளுக்கு மேல், பதினாலாயிரம் பிள்ளைகளுக்கு மேல்.

கெட்டுப்போகும் இடங்களும் அதே அளவுக்குத் தெளிவானவை. வாசலில் பிள்ளையை விடும்போது பெற்றோர் பேசும் ஐந்து நிமிட ஆங்கிலம் முதல் ஓட்டை. எந்த மொழி நிஜமானது என்று பிள்ளை அந்த இடத்தில்தான் முடிவு செய்கிறது. இரண்டாவது, ஐந்து வயதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் பேச்சு உதிர்ந்துவிடுவது. அந்த அனுபவம்தான் 1985இல் மேற்கு ஆக்லாந்தின் ஹோவானி வைத்தித்தி மராய் என்னும் பொதுவளாகத்தில் முதல் குரா கௌபாபா, அதாவது மாவோரிவழிப் பள்ளி, தொடங்கக் காரணம். மாவோரி ஆட்சிமொழியாகச் சட்டமானது அதற்கும் இரண்டு ஆண்டு கழித்து, 1987இல்தான். பிள்ளைகள் சட்டத்துக்கு முன்னால் போய்விட்டார்கள். மூன்றாவது, அரசுப் பணம் வந்தபோது கூடவே வந்த உரிமம், கட்டட விதி, ஆசிரியர் சான்றிதழ். மொழியை மூச்சாக வைத்திருந்த பாட்டிக்குப் பட்டயம் இல்லை. பட்டயம் பெற்ற இளம் ஆசிரியருக்கு மாவோரி இரண்டாம் மொழி. நான்காவதற்கு மருந்தே இல்லை: பாட்டிகள் இறந்துபோனார்கள்.

தமிழ் வகுப்புக்காரர் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். வாரம் இரண்டு மணி நேரத்தில் மொழிக்கூடு கட்ட முடியாது. ஆனால் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் வீட்டில் அடைந்து கிடக்கும் ஆச்சியையும் தாத்தாவையும் வகுப்புக்குள் கொண்டுவந்து, எழுத்துக்கு முன்னால் தோசை மாவு கரைக்கவைப்பது எவருக்கும் முடியும். பெயரன்தான் பேரன் ஆனான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பது பொருள். தலைமுறை விட்டுத் தாவும் பாலம் நம் சொல்லிலேயே இருக்கிறது.

மராய் என்பது ஊரின் பொதுமுற்றமும் முன்னோர் பெயரிலான கூட்ட மண்டபமும் சாப்பாட்டுக்கூடமும் சேர்ந்த வளாகம். பண்பாட்டு வகுப்பு என்று சுற்றுலா நிறுவனங்கள் காட்டுவது முன்பக்கத்து வரவேற்பு மட்டும். பெரியவர்கள் பிள்ளையைத் தொடங்கவைப்பது பின்பக்கத்தில், பாத்திரத் தொட்டியில். சமையற்கட்டில் வேலை செய்பவர்களுக்கு ரிங்காவெரா, சூடான கைக்காரர்கள் என்று பெயர். பின்புறம் சரியாக இருந்தால்தான் முன்புறம் சரியாக இருக்கும் என்று பழமொழி. தட்டுக் கழுவுவது, மேசை போடுவது, வந்த தலைகளை எண்ணி உருளைக்கிழங்கு கணக்குச் சொல்வது, அப்புறம் ஹாங்கி என்னும் மண்ணடுப்பு. குழிக்குக் கல் பொறுக்குவதே ஒரு படிப்பு: எரிமலைக் கல் வேண்டும், கண்ட ஆற்றுக் கல்லைப் போட்டால் சூட்டில் வெடிக்கும். கல் பழுக்கக் காய வேண்டும், உணவுக்கூடையை இறக்கி ஈரத்துணியும் மண்ணும் மூட வேண்டும், ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆவி வெளியேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல் சரியாகக் காயாவிட்டால் நூறு பேருக்கு முன் பச்சை இறைச்சி. திரும்பச் சுட வழியில்லை.

முன்பக்கத்தில் விருந்தினர் வாசலில் நிற்பார்கள். பெண்ணின் கரங்கா அழைப்புக் கேட்ட பிறகுதான் அடியெடுத்து வைக்கலாம். மெதுவாக வந்து, இறந்தோரை நினைத்து நின்று, பிறகு உட்கார வேண்டும். உரைகள், ஒவ்வோர் உரைக்கும் ஒரு பாட்டு, விருந்தினரில் கடைசியாகப் பேசுபவர் தரையில் வைக்கும் கோஹா என்னும் காணிக்கை, மூக்கோடு மூக்கு ஒற்றும் ஹொங்கி, கடைசியில் சாப்பாடு. புனித விலக்கான தாபுவை நீக்கி எல்லோரையும் சாதாரண நிலைக்குக் கொண்டுவருவது அந்தச் சாப்பாடுதான், உபசாரத்துக்காக மட்டும் போடுவதில்லை. பேசும் வரிசை ஊருக்கு ஊர் மாறும்: சில இடங்களில் வீட்டார் எல்லோரும் முதலில் பேசி முடிப்பார்கள், வைகாத்தோ, தெ அராவா குலத்தார் பக்கங்களில் மாறி மாறி. பேசுவது பொதுவாக ஆண்கள். நாத்தி பொரோ குலத்தில் உயர்ந்த நிலைப் பெண்கள் பேசிய மரபும் உண்டு. ஆண்களின் கையில்தான் எல்லாம் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். பேச்சு நீண்டாலோ தப்பினாலோ பின்னால் உட்கார்ந்திருக்கும் குயியா எழுந்து பாட்டைத் தொடங்கிவிடுவார். அத்தோடு உரை முடிந்தது.

சாவு வீட்டைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தங்கிஹங்கா பெரும்பாலும் மூன்று நாள். உடலைத் தனியாக விடுவதே இல்லை; திறந்த பெட்டியைச் சுற்றிக் குடும்பம் இரவும் பகலும் இருக்கும், அதே மண்டபத்தில் பிள்ளைகளும் படுத்துத் தூங்குவார்கள், தொட்டுப் பார்ப்பார்கள். வந்தவர்கள் இறந்தவரைப் பார்த்தே பேசுவார்கள், திட்டவும் செய்வார்கள். கடைசி இரவு கதையும் கேலியும் பாட்டும். இடுகாட்டிலிருந்து வெளியே வரும்போது தண்ணீரால் கை கழுவி, திரும்பி வந்து விருந்து. யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் பிள்ளை இந்த மூன்று நாளில் கற்கும் அளவுக்கு வேறெங்கும் கற்காது. வம்சாவளியான ஃபகபாபா அப்போது அட்டவணையாக வராமல் முகம் முகமாக வருகிறது. இதற்கு மூன்று நாள் விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களின் பெரிய குறைகளில் அது ஒன்று.

குடும்பம் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஃபானௌ என்பது அப்பா அம்மா பிள்ளை என்ற மூவர் வீடு அல்ல. மூன்று நான்கு தலைமுறைக் கூட்டம். ஃபானௌ என்ற வினைக்குப் பிறத்தல் என்றும் பொருள். முதல் பேரக்குழந்தையைத் தாத்தா பாட்டி எடுத்து வளர்ப்பது பழைய வழக்கம், ஃபாங்காய் என்று பெயர். பெற்றவர் யார் என்பதை மறைப்பதில்லை. பிள்ளை இரு வீட்டிலும் நடமாடும். 1955ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இதற்கு நேரெதிராக, பெற்றவரின் பெயரை மூடி முத்திரை வைத்தது. வம்சாவளியே ஆளின் முகவரி என்று நினைக்கும் மக்களுக்கு இது எவ்வளவு கொடிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாவோரிப் பிள்ளைகளை அரசு குடும்பத்திலிருந்து எடுத்துக்கொண்டுபோவதை எதிர்த்த குரல்களிலிருந்து 1986இல் ஓர் அறிக்கையும், 1989இல் ஒரு சட்டமும் வந்தன. அந்தச் சட்டம் கொண்டுவந்த குடும்பக் குழுக் கூட்டத்தைப் பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. முறை எளிது: சமூகப் பணியாளரும் மருத்துவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போக வேண்டும். குடும்பம் மட்டும் தனியாகப் பேசி, பிள்ளை யாரிடம் இருக்கும், யார் எதைச் செய்வார் என்று திட்டம் போடும். கெடுவது எங்கே? அதிகாரி தயாராக எழுதிய திட்டத்தோடு வரும்போது; ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்கும்போது; தகப்பன் வழி உறவைக் கூப்பிடாமல் விடும்போது; அரசு அலுவலகத்தில் கூட்டும்போது. அங்கே வாய் திறக்கும் தாத்தா யாருமில்லை.

உடல்நலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் அதுதான். மாவோரி மனநல மருத்துவர் மேசன் டூரி 1980களில் இதை நாலு சுவர் வீடாக வரைந்து காட்டினார்: உடல், மனம், ஆன்மா, குடும்பம். ஒரு சுவர் சாய்ந்தால் வீடு நிற்காது. இன்று நியூசிலாந்துப் பள்ளி, அலுவலகம் எங்கும் அந்தப் படம் தொங்குகிறது. பல இடங்களில் ஒட்டியதோடு சரி. தனியாள் தன் மனநிலையைத் தானே மதிப்பெண் போடும் தாளாகச் சுருங்கிவிட்டது. குடும்பச் சுவரை ஒருவர் தனியாக உட்கார்ந்து எப்படி நிமிர்த்துவார்?

இனி, அழைப்பது எப்படி. மின்னஞ்சலில் தொடங்க வேண்டாம். அவரை அறிந்த ஒருவரோடு நேரில் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். முதலில் நீங்கள் யார், எந்த ஊர், எந்த ஆற்றங்கரை என்று சொல்லுங்கள். அவர்கள் தங்கள் மலை, ஆறு, குலம் சொல்லித்தான் பேர் சொல்வார்கள்; நமக்கும் அது புதிதல்ல. முதல் சந்திப்பிலேயே தேதி கேட்காதீர்கள். எந்த மண்ணில் வகுப்பு நடக்கிறதோ அந்த மண்ணுக்குரிய இவியின், அதாவது குலத்தின், பெரியவரா என்று விசாரியுங்கள். வேறு இவிக்காரரை முன்னிறுத்தினால் அவருக்குத்தான் சங்கடம். தொடக்க வேண்டுதல் மட்டும் சொல்லிவிட்டுப் போக இருபது நிமிடம் ஒதுக்குவது பரவலான அவமதிப்பு. அரை நாள் ஒதுக்குங்கள். தனியாக வருவார் என்று நினைக்காதீர்கள். துணைக்கு வருபவர்களுக்கும் இடமும் சாப்பாடும் வேண்டும். கார் அனுப்புங்கள், வாசலில் ஆள் நிற்கட்டும், கோஹாவை உறையில் வைத்து முன்கூட்டியே தயார் செய்யுங்கள். அவர் பேசுவதை அனுமதி கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். குல வரலாறு எல்லாக் காதுக்கும் உரியதல்ல, எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் அவர் உரிமை.

பிள்ளைகளிடம் மூன்று விஷயம் சொல்லிவையுங்கள்: சாப்பாட்டு மேசைமேல் உட்காரக் கூடாது, தலையணைமேல் உட்காரக் கூடாது, பெரியவர் தலையைத் தொடக் கூடாது. சாப்பாடு முடிந்ததும் அவர்களையே தட்டுத் துடைக்க அனுப்புங்கள். துடைத்த துண்டுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் உடுப்புகளோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள், அவை தனியாகத்தான் துவைக்கப்பட வேண்டும்.